ஒரு வீட்டுக்கு ஒன்று

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டது ஒரே வாரத்தில், ஒரே துறைக்கு, ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து. அது எப்படி என்று வெளிநாட்டு உறவினர்கள் கேட்பார்கள். எங்கள் நாட்டில் அது நடக்கும். எஸ்.பி.எம். தேர்வு எழுதி ஐந்தாம் படிவத்தை முடித்த பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஆறாம் படிவம். பள்ளிக்கூடத்திலேயே ஒன்றரை வருடம் படித்து எஸ்.டி.பி.எம். என்ற பெரிய தேர்வை எழுத வேண்டும். இன்னொன்று மெட்ரிகுலேஷன். அரசாங்கக் கல்லூரி விடுதியில் தங்கி ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஆறாம் படிவம் முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்துக்கொண்டால், ஒரு வருடம் முந்திய அக்காவும் ஒரு வருடம் பிந்திய தங்கையும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள். நாங்கள் நின்றோம்.

அக்காவும் முதலில் மெட்ரிகுலேஷனுக்குத்தான் போட்டாள். எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ வாங்கியிருந்தாள். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. இணையப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் நான் ஆறு ஏ வாங்கினேன். அந்த வருடம் இன ஒதுக்கீட்டில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. முதல் பட்டியலில் என் பெயர் இல்லை, இரண்டாவதில் இருந்தது. அக்காவைவிட நான் எதையும் கூடுதலாகப் படித்துக் கிழித்துவிடவில்லை. ஒரு வருடம் தள்ளிப் பிறந்திருந்தேன்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, மலிவு விலை வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு தாமானில் இருக்கிறது. பின்வாசலைத் திறந்தால் செம்பனை. அந்த இடத்தில் முன்பு ரப்பர் பால்மரம் நின்றது. அம்மா பதினாறு வயதிலிருந்து அங்கே பால் வெட்டியவள். மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது குடியிருந்த லயத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஈப்போ பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போனாள். அப்பா அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டினார். இரண்டு பெண் பிள்ளைகளும் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு கொள்கை கிடையாது.

நான் மெட்ரிகுலேஷனுக்குக் கிளம்பியபோது பெட்டியை அடுக்கித் தந்தது அக்காதான்.

"கெமிஸ்ட்ரி நோட்டு ரெண்டும் அடியில வச்சிருக்கேன். தொலச்சிறாத," என்றாள். அவள் கைப்பட எழுதிய நோட்டுகள் அவை.

"உனக்கு வேணாமா?"

"எனக்குத்தான் தலையில இருக்கே."

அவள் குரலில் பொறாமை இருந்ததா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை.

அவள் ஆறாம் படிவம் படித்த பள்ளி ஈப்போவில் இருந்தது. காலை ஐந்தரைக்கு அப்பாவின் பஸ்ஸில் முதல் ஷிப்டு ஆட்களோடு ஏறுவாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒற்றை இருக்கை ஒன்று உண்டு, அது அவளுடையது. ஷிப்டு மாறும் நேரத்தில் அதே பஸ் திரும்பும்போது பள்ளிக்கு எதிரே நின்று ஏறிக்கொள்வாள். அதை விட்டால் வீடு வந்து சேர்வது கஷ்டம். அம்மா மாலை ஷிப்டுக்குப் போகும் வாரங்களில் சமையலும் அவள் தலையில்தான். அதனால் மாலை நேரத்தில் நடக்கும் கழகம், விளையாட்டு போன்ற புறப்பாட நடவடிக்கை எதற்கும் அவளால் இருக்க முடிந்ததில்லை. சதுரங்கக் கழகத்தில் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டு தடவையோ மூன்று தடவையோ போயிருப்பாள். பொறுப்பாசிரியர் நேர்மையானவர், வந்ததற்கு உள்ள புள்ளியைத்தான் போட்டார்.

எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. மெட்ரிகுலேஷன் கல்லூரியில் புறப்பாடம் அட்டவணைக்குள்ளேயே இருந்தது. புதன்கிழமை மதியம் எல்லாரும் ஒரே மாதிரி டீ-சட்டை போட்டுக்கொண்டு திடலில் வரிசையாக நிற்போம். ஒரு தடவை காட்டில் கூடாரம் அடித்துத் தங்கினோம். வந்து நின்றவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய முழுப் புள்ளி.

என்னோடு அறையில் இருந்தவள் கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண். விடியற்காலையில் எழுந்து தொழுதுவிட்டுப் படிக்க உட்காருவாள், என்னையும் எழுப்பிவிடுவாள். அவள் அப்பா மீன்பிடிப் படகில் கூலிக்குப் போனவர். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, இன்றும் பேசிக்கொள்கிறோம். யாரோ ஒரு இனத்துப் பிள்ளை நம் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று எங்கள் பக்கத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். என் அக்காவின் இடத்தைப் பிடுங்கியவள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவுக்குப் போன் செய்வேன். அந்த வாரம் எனக்குப் புரியாதது எதுவோ அதைச் சொல்லிக்கொடுப்பாள். கரிம வேதியியலில் ஒரு பகுதியை எங்கள் விரிவுரையாளர் மூன்று வாரம் நடத்தியும் எனக்கு ஏறவில்லை. அக்கா முக்கால் மணி நேரத்தில் முடித்தாள். பின்னால் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் பருவ விடுமுறைக்கு வந்தபோது எங்கள் கல்லூரியின் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன். அக்கா கேட்டுத்தான் கொண்டு வந்தேன். மத்தியானம் சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையிலேயே உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். எனக்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்ட தாள் அது. அவள் ஒரு மணி நேரம் ஆவதற்குள் பேனாவை மூடிவிட்டாள். விடையைச் சரிபார்த்தேன். ஒரு கேள்வியில் மட்டும் கூட்டல் தப்பு.

"இவ்வளோதானா?" என்றாள்.

"இவ்வளோதான்."

"இதுல நாலுக்கு நாலு வாங்குறதும் எங்க எஸ்.டி.பி.எம்.ல நாலுக்கு நாலு வாங்குறதும் ஒரே நாலா?"

"யூனிவர்சிட்டிக்குப் போடுறப்போ ஒரே நாலுதான்னு சொல்றாங்க."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வயதில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

எஸ்.டி.பி.எம். முடிவு வந்தது. அக்காவுக்கு நான்குக்கு மூன்று புள்ளி ஒன்பது இரண்டு. வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றிலும் ஏ. பொதுப்பாடத்தில் மட்டும் ஏ மைனஸ். அவள் பள்ளியில் அதைவிட நல்ல முடிவு எடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்திருப்பார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் அப்பா எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். சில வாரம் கழித்து என் முடிவு வந்தது. சுத்தமான நான்கு. என் வகுப்பில் மட்டும் அதே நான்கை வாங்கியவர்கள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் எல்லார் முகமும் தெரிவதற்காகப் பின்னால் நின்றவர்கள் நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது.

இனி நான் சொல்லப்போவதைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு துறைகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். அக்கா மூன்றாம் படிவத்திலிருந்தே மருந்தாளராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பாடம், எத்தனை வருடம், எங்கே பயிற்சி எல்லாம் தெரியும். அவள் பட்டியல் ஒரு வருடமாகத் தயாராக இருந்தது. எனக்கு அப்படி ஒரு ஆசையும் இருந்ததில்லை. நன்றாகப் படி என்றார்கள், படித்தேன். என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் சிரித்துச் சமாளிப்பேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை என் பக்கம் காலியாக இருந்தது.

"என்னடி இன்னும் ஒண்ணும் போடலயா?" என்றாள் அக்கா.

"என்ன போடுறதுன்னு தெரியலலா."

அவள் தன் தாளை என் பக்கம் நகர்த்தினாள். "இதப் பாத்துப் போட்டுக்க. பிறகு மாத்தணும்னா மாத்திக்கலாம்."

அப்படியே எழுதினேன். முதலாவது, பார்மசி. இரண்டாவது, இன்னொரு பல்கலைக்கழகத்தில் பார்மசி. பன்னிரண்டு வரை வரிசைகூட மாற்றவில்லை. தேர்வில் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து எழுதினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

தேர்வு முடிவுக்குத் தொண்ணூறு, புறப்பாடத்துக்குப் பத்து. இப்படித்தான் கூட்டினார்கள். அக்காவின் கூட்டுத்தொகை தொண்ணூற்று நான்கைத் தாண்டி நின்றது. என்னுடையது தொண்ணூற்று ஒன்பதைத் தொட்டது. காடும் கூடாரமும் டீ-சட்டையும் ஒரு பக்கம், விடியற்காலை பஸ்ஸின் ஒற்றை இருக்கை இன்னொரு பக்கம். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. நானே போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

முடிவு வெளியான அன்று மத்தியானம் இணையப் பக்கம் திறக்க மறுத்துக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு மாலை ஷிப்டு, அதனால் வீட்டில் இருந்தாள். அக்காவின் போனில்தான் இருவருடையதையும் பார்த்தோம். "உன்னோடத மொதல்ல பாப்போம்" என்று என் அடையாள எண்ணைத் தட்டினாள். அவளுக்கு அது மனப்பாடம். 'தஹ்னியா' என்று மலாயில் பச்சை எழுத்தில் வந்தது. வாழ்த்துகள். கீழே, பார்மசி. என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தன் எண்ணைத் தட்டினாள். அவளுக்கும் அதே பச்சை எழுத்தில் 'தஹ்னியா'. அந்த ஒரு கணம் இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவள் விரலால் மேலே தள்ளினாள். சபாவில் ஒரு பல்கலைக்கழகம். தோட்ட நிர்வாகம். அவள் எழுதிய பன்னிரண்டில் அது இல்லவே இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ரெண்டு பேருக்கும் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சும்மா," என்றாள் அக்கா.

அம்மா சாமி படத்தின் முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்திக்குப் போன் செய்ய எண்ணைத் தேடினாள். அக்கா அவளிடமிருந்து போனை வாங்கி மேசையில் வைத்தாள்.

"எனக்கு மருந்து இல்லம்மா. தோட்டம். தோட்டத்தப் பத்திப் படிக்கச் சொல்றாங்க."

"தோட்டத்தப் பத்தியா?"

"ஆமா. டிகிரி."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுல படிக்க என்னடி இருக்கு? அதுக்குத்தான் நான் இருக்கேனே," என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

மேல்முறையீடு செய்ய இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். அதை எங்களூரில் யாரும் மேல்முறையீடு என்று சொல்ல மாட்டார்கள், ராயுவான் என்பார்கள். இணையத்தில் போட்டால் மட்டும் போதாது, மேலே சொல்ல ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஈப்போவுக்கு அழைத்துப்போனார். கடைவீட்டு மாடியில், நம் பிள்ளைகளுக்காக மேலே பேசும் ஒரு சங்கத்தின் அலுவலகம். அக்கா சான்றிதழ்களை உறைக்குள் வரிசையாகப் போட்டுத் தடித்த கோப்பு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். என்னை ஏன் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. வீட்டில் இன்னொரு கெட்டிக்காரப் பிள்ளை இருப்பதைப் பார்த்தால் நல்ல குடும்பம் என்று நினைப்பார்கள் என்று எண்ணியிருக்கலாம்.

அங்கிருந்த பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மரியாதையாகத்தான் பேசினார். கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல ரிசல்ட்டுதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"சின்னவ சார். மெட்ரிக்ல படிச்சா. அவளுக்கு பார்மசி கெடச்சிருக்கு," என்றார் அப்பா. குரலில் பெருமை வந்துவிட்டது. அவரால் அதை அடக்க முடியவில்லை.

பொறுப்பாளர் கோப்பை மூடினார். "அப்புறம் என்னங்க? ஒரு வீட்டுக்கு ஒண்ணு கெடச்சா சந்தோஷப்படுங்கலா. ஒண்ணுகூடக் கெடைக்காத வீடு எத்தன வந்து நிக்கிது தெரியுமா? நான் அவங்களுக்கு இல்ல மொதல்ல கேக்கணும்?"

"சரிங்க சார்," என்றார் அப்பா.

அக்கா எழுந்திருக்கவில்லை. "சார், நான் வேற, இவ வேற. எனக்குத் தனியா ஒரு நம்பர் இருக்கு. அதுலதான் பரீட்ச எழுதினேன்," என்றாள்.

"தெரியும்மா. ஆனா சிஸ்டம் அப்படி. நீங்களும் மெட்ரிக் போயிருக்கணும்."

"போட்டேன் சார். குடுக்கல."

அவர் ஒரு நோட்டை நகர்த்தினார். பெயரை எழுதிவைத்துவிட்டுப் போகச் சொன்னார். அக்கா எழுதினாள். அவள் எழுத்து எப்போதும்போல அழகாக இருந்தது.

கீழே இருந்த இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் அப்பா பால் சேர்க்காத தேநீர், மூன்று தே ஓ, சொன்னார். யாரும் குடிக்கவில்லை. பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பந்து விளையாட்டைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவரு சொன்னதுக்கு ஏம்பா சரின்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"வேற என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாமயாவது இருந்திருக்கலாம்."

அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா தே ஓவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா பின்பக்கம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "நான் வேணும்னா என்னோடத விட்டுர்றேன்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நீ விட்டா எனக்கா குடுப்பாங்க? வரிசையில அடுத்து எவ இருக்காளோ அவளுக்குப் போகும். பேசாம போ."

அவள் சொன்னது உண்மை. அது உண்மை என்பது எனக்கு முன்பே தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அவள் அந்தப் பதிலைச் சொன்னதும் எனக்குள்ளே ஒரு நிம்மதி பரவியது. தியாகம் செய்ய முன்வந்துவிட்டேன், அது பயன்படாது என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கு எது வேண்டும் என்று அன்று வரை எனக்குத் தெரியாமல் இருந்தது. கைக்கு வந்த பிறகு அதை விட மனம் வரவில்லை. அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மேல்முறையீட்டின் பதிலுக்குக் காத்திருந்தபடியே, கொடுத்த இடத்தை அக்கா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஏற்காவிட்டால் அதுவும் போய்விடும். இருவருக்கும் ஒரே நாளில் பதிவு. எனக்குக் கோலாலம்பூர், அவளுக்கு விமானம் ஏறிப் போக வேண்டிய கோத்தா கினாபாலு. அம்மாவும் அப்பாவும் யாரோடு போவது என்று இரண்டு நாள் பேசினார்கள். என் முன்னாலேயே பேசினார்கள்.

"அவளோட போங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் போயிக்குவேன்," என்றாள் அக்கா.

பார்மசி கட்டடத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் அம்மா, அப்பா, நான் மூவரும் நிற்கும் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள், "மூத்த பொண்ணு எங்க?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் மூத்த பெண் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு விடுதி பஸ்ஸுக்குக் காத்திருந்தாள் என்று யாரும் பதில் சொல்வதில்லை. "அவ சபாவுல படிச்சா," என்பாள் அம்மா.

பதிவு முடிந்த மூன்றாவது வாரம் மேல்முறையீட்டின் பதில் வந்தது. வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்று தொடங்கும் இரண்டு வரிகள். நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். இன்னொரு தடவை எஸ்.டி.பி.எம். எழுதலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். தனியார் கல்லூரி என்று பேச்செடுத்தார். "போதும்பா" என்று போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் போன் செய்வதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. என்ன பேசுவது? அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று சொல்வதா? ஒரே ஒரு தடவை அவளாகக் கேட்டாள், எந்தெந்தப் பாடம் என்று. சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "சரி, எனக்கு லேப் இருக்கு," என்றாள். மண் பரிசோதனை லேப்.

அவள் நன்றாகத்தான் படித்தாள். அவளுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது. இப்போது பாகான் டத்தோ பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதவி மேலாளர். பெண்கள் அதிகம் வராத வேலை அது. காலையில் இருட்டோடு எழுந்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்தைச் சுற்றி வருகிறாள். ஆட்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நம் ஆட்கள் அங்கேயும் மிஞ்சவில்லை.

தங்குவதற்குத் தோட்டத்தில் ஒரு பழைய பங்களா கொடுத்திருந்தார்கள். அம்மா முதல் தடவை பார்க்கப் போன அன்று நான்தான் காரை ஓட்டினேன். காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டிருந்தாள். அவள் காலத்தில் துரை பங்களாவுக்கு வேலையாக அனுப்பினால் பின்வாசலில்தான் நிற்க வேண்டும். முப்பது வருடம் கழித்தும் கால் அந்தப் பக்கமே போனது.

அக்கா உள்ளேயிருந்து வந்து பின்கதவைத் திறந்தாள். "முன்னால வாம்மா," என்றாள்.

"இருக்கட்டும்டி, வந்தாச்சுல்ல."

"முன்னால வா."

அம்மா மறுபடியும் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். இந்தக் கதையை எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிறார்கள். பால் வெட்டியவள் மகள் துரை வீட்டில் துரையாக உட்கார்ந்துவிட்டாள், எல்லாம் கடவுள் செயல் என்று முடிப்பார்கள். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். அக்கா அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "எல்லாருக்கும் இது நல்லபடியா முடிஞ்சதா இருக்கணும். நான் கேட்டது இது இல்லன்னு சொன்னா, நன்றி இல்லாதவளும்பாங்க."

நான் மோசமான மருந்தாளர் இல்லை. சுமாரானவள். சில வருடம் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டு இப்போது ஓர் அரசாங்க மருத்துவமனையில் நிலையாக இருக்கிறேன். முகப்பில் எண்ணை அழைத்து மருந்தைக் கொடுத்து, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்கிறேன். அதிலே எனக்கு அலுப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை.

போன வருடம் எங்களூர்க் கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வழிகாட்டி நிகழ்ச்சி ஒன்று வைத்தார்கள். நம்மூர்ப் பெண், மருந்தாளர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எப்படிப் படிக்க வேண்டும், எப்படி நேரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று நானும் சொன்னேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "அக்கா, ஆறாம் படிவம் நல்லதா, மெட்ரிக் நல்லதா?" என்று கேட்டாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "கெடச்சா மெட்ரிக் போங்க. அது லேசு. நான் அப்படித்தான் வந்தேன். எனக்குச் சொல்லிக்குடுத்தது எங்கக்கா. அவங்க ஆறாம் படிவம். என்னைவிட நல்லாப் படிச்சவங்க. அவங்களுக்குக் கெடைக்கல. நான் அவங்க இடத்துல ஒக்காந்திருக்கேன்."

அந்தத் தாய் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ மெட்ரிக் கெடைக்காத பிள்ளைக்கு என்னம்மா வழி?" என்று கேட்டார். ஏற்பாட்டாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, உழைத்தால் எல்லாருக்கும் இடம் உண்டு, மனம் தளரக்கூடாது என்று சொல்லிக் கைதட்ட வைத்தார். எனக்குப் பழக்கூடை ஒன்று கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு விஷயம் போய்விட்டது. போன் செய்தாள்.

"கோயில்ல என்னைப் பத்திப் பேசினியாமே."

"உண்மையத்தான் சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னா? அது என்னோட விஷயம். உனக்கு மனசு லேசாகணும்னா வேற வழி பாரு. என்னை எடுத்துப் பிள்ளைங்க முன்னால வைக்காத."

மன்னிப்புக் கேட்டேன். "அதான் எப்பவும் கேப்பியே," என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் நான்கைந்து மாதம் பேசவில்லை. தீபாவளிக்கு வந்தாள், எல்லாரோடும் பேசினாள், என்னோடு சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினாள்.

இந்த வருட ஆரம்பத்தில் அம்மாவுக்குத் தொடையில் வலி வந்தது. தொழிற்சாலையில் நின்றே பழகிய உடம்பு, வயதும் ஆகிறது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அம்மாவுக்கு இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வாரத்துக்கு உள்ளதை ஏழு கட்டம் போட்ட டப்பாவில் நான்தான் பிரித்து வைக்கிறேன். ஒரு ஞாயிறு நான் டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் என் பக்கம் போனை நீட்டினாள்.

"அவ என்னமோ கேக்குறா, நீயே பேசு."

"கொழுப்பு மாத்திரைய கூட்டியிருக்காங்களா?" என்றாள் அக்கா. வேறு எதுவும் கேட்கவில்லை.

பெட்டியைப் பார்த்தேன். அம்மா போகும் கிளினிக்கில் போன மாதம்தான் இரட்டிப்பாக்கியிருந்தார்கள். சொன்னேன்.

"அம்மா சாப்பிடுற பிரஷர் மாத்திரையோட சேந்தா அந்த அளவு ஆகாது இல்லையா? தசை வலி வரும்னு நெட்டுல போட்டிருக்கு. சரியான்னு பாரு."

பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மூன்றாம் வருடத்தில் படித்தது. வேலையிடத்தில் அந்நியர்களுக்கு நானே எத்தனையோ தடவை நிறுத்திக் கேட்டிருக்கிறேன். என் அம்மாவின் டப்பாவில் நான்கு ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தேன்.

"சரிதான்," என்றேன். "நாளைக்கே மாத்திடுறேன்."

"ரத்தத்துல பாக்கச் சொல்லு, தசைக்கு ஏதும் ஆயிருக்கான்னு."

"சரி."

அவள் பக்கத்தில் டிராக்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. யாரோ மலாயில் அவளைக் கூப்பிட்டார்கள். லாரி வந்துவிட்டது, செம்பனைக் குலை ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் கிளினிக்குக்குப் போய் மருந்தை மாற்றினேன், இரத்தம் எடுக்கச் சொன்னேன். முடிவு பயப்படும்படி எதுவும் இல்லை. இரண்டு வாரத்தில் அம்மாவுக்கு வலி குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "என் சின்னவ மாத்திரைய மாத்திக் குடுத்தா, சரியாப் போச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். போய்த் திருத்தியிருக்கலாம். திருத்தினால் அக்காவைப் பற்றி மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும், அவள் அதை விரும்ப மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.